டிராக்டருக்கு அடிவிளக்கு

(விவசாயிகளுக்கான வானொலிப் பேச்சு)



நம்ம சிவகங்கைச் சீமையிலே உழவு என்பது வானத்தைப் பார்த்து நடக்கிற காரியம். ஒரு மழை பெய்தால் அந்த ஈரம் காய்வதற்குள் புழுதி ஓட்டி விதைத்தாக வேண்டும். கண்மாய்க்குத் தண்ணீர் வந்துவிட்டால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தொழி உழவுக்கு டிராக்டரைத் தேடுவார்கள். ஊரிலே இருப்பதோ நாலு வண்டி. அதனாலே பகல் போதாமல் இரவிலும் ஓட்டுகிறோம். காளையார்கோவில் பக்கம் போனாலும் சரி, தேவகோட்டை, கல்லல், இளையான்குடி பக்கம் போனாலும் சரி, ஐப்பசி மாத ராத்திரியில் வயக்காட்டுப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்காத ஊர் இல்லை.

இப்படி ராத்திரி ஓட்டுகிறவர்கள் வண்டிக்கு முன்னால் எத்தனையோ விளக்கு போடுகிறார்கள். ஆனால் வண்டிக்கு அடியிலே, சக்கரம் பதிகிற இடத்திலே, கால் வைத்து இறங்குகிற இடத்திலே, கொக்கி மாட்டுகிற இடத்திலே கும்மிருட்டு. இன்றைக்கு அந்த இருட்டைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன். வண்டிக்கு அடியில் விளக்கு போடுவது எப்படி, எந்த விளக்கை வாங்குவது, எங்கே மாட்டுவது, எப்போது அணைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தை மாதம். வைக்கோல் ஏற்றுவதற்காகக் களத்து மேட்டில் டிரெய்லரை மாட்டுகிறார்கள். வண்டியில் மாமா, கீழே மாப்பிள்ளை. மாப்பிள்ளை செல்போன் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, கொக்கிப் பின்னைக் கையில் பிடித்துக்கொண்டு, “மாமா, இன்னும் ஒரு சாண் பின்னே வாங்க” என்கிறார். வண்டி வருகிறது. துளை நேருக்கு வரவில்லை. விரலை விட்டுத் தடவிப் பார்க்கிறார். அந்த நேரம் பார்த்து வாயிலிருந்த போன் நழுவிவிட்டது. அவர் “நிறுத்துங்க” என்று கத்தியது எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. ஆள்காட்டி விரலின் முதல் கணு போய்விட்டது. மாமா இன்றைக்கும் அதைச் சொல்லி அழுகிறார். அந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கு இருந்திருந்தால், திரும்பிப் பார்த்த மாமாவுக்கே அந்த விரல் தெரிந்திருக்கும்.

அடிவிளக்கு எதற்கு?

“முன்விளக்கு நல்லாத்தானே எரியுது, அடியிலே வேற எதுக்கு?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முன்விளக்கு தூரத்தைக் காட்டும். உங்கள் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருப்பதை அது காட்டாது. வரப்பு ஏறும்போது, மடை தாண்டும்போது, கண்மாய்க்கரைச் சரிவில் இறங்கும்போது, பின்சக்கரம் எதன்மேல் நிற்கிறது என்று தெரிய வேண்டும். சரிவிலே வண்டி கவிழ்வது பெரும்பாலும் பின்சக்கரம் ஒரு பக்கம் பள்ளத்தில் இறங்குவதால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விளக்கு உயரத்தில் இருந்தால் தரை சமமாகத் தெரியும். விளக்கு தாழ்வாக இருந்தால் சின்ன மேடு பள்ளத்துக்கும் நீளமாக நிழல் விழும். நிழல் விழுந்தால் பள்ளம் தெரியும். சாயங்கால வெயிலில் உழுத நிலத்தின் சால் ஒவ்வொன்றும் எடுப்பாகத் தெரிகிறதல்லவா, அதே கதைதான். ஆகவே அடிவிளக்கு சின்னதாக இருந்தாலும் தரையைப் படித்துக் காட்டிவிடும்.

அமெரிக்காவிலே பாறைமேல் ஜீப் ஏற்றுவதை விளையாட்டாக வைத்திருக்கிறார்கள். சக்கரம் எந்தக் கல்லில் பதிகிறது என்று ராத்திரியில் பார்ப்பதற்காக அவர்கள் வண்டிக்கு அடியில் விளக்கு வைக்கிறார்கள். அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ லாரிகள் விளக்கை அணைத்துவிட்டு வரிசையாகப் போக வேண்டியிருந்தது. மேலே விமானம் பறக்கும். அப்போது லாரியின் பின்அச்சு உருண்டைக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்து, அதன்மேல் மட்டும் படுகிற மாதிரி அடியில் ஒரு குட்டி விளக்கை வைத்தார்கள். பின்னால் வருகிற டிரைவர் அந்த வெள்ளை உருண்டையைப் பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்டுவார். இதிலே நமக்கு ஒரு பாடம் உண்டு. அடிவிளக்குக்கு அதிக வெளிச்சம் வேண்டாம். சரியான இடத்தில் விழுந்தால் போதும்.

மூன்றாவது காரணம், இறங்கும் கால். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். நெல் வயலில் கண்ணாடி விரியனும் உண்டு. டிராக்டரை நிறுத்திவிட்டு இருட்டில் தொப்பென்று குதிக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. படிக்குக் கீழே ஒரு விளக்கு இருந்தால், பார்த்துவிட்டுக் காலை வைக்கலாம்.

எந்த விளக்கை வாங்குவது?

இப்போது கடையில் கிடைப்பதில் எல்.இ.டி. விளக்குதான் இதற்குத் தோதானது. குலுக்கலில் இழை அறுந்து போவது என்ற தொல்லை அதில் இல்லை. கரண்டும் குறைவு. ஒரு 10 வாட் எல்.இ.டி. விளக்கு, வீட்டில் முன்பு எரித்த 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் தரும். வாங்கும்போது ஐந்து விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, வோல்ட். நம்ம டிராக்டர் பேட்டரி 12 வோல்ட். ஆனால் எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்குமேல் ஏறும். ஆகவே 12 என்று மட்டும் போட்டதைவிட, 10 முதல் 30 வோல்ட் வரை என்று அச்சிட்ட விளக்கு நல்லது. ஏற்ற இறக்கத்தைத் தாங்கும்.

இரண்டாவது, தண்ணீர் புகாத தரம். விளக்கின்மேல் ஐ.பி. என்று போட்டுப் பக்கத்தில் இரண்டு எண் இருக்கும். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. முதல் எண் 6 என்றால் தூசி அறவே புகாது. இரண்டாவது எண் 5 என்றால் பீய்ச்சுகிற தண்ணீரைத் தாங்கும், மூழ்கினால் தாங்காது. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் போகாது. தொழியில் இறங்குகிற வண்டிக்கு ஐ.பி. 67-க்குக் குறைந்து வாங்காதீர்கள். வெறும் புஞ்சை உழவுக்கு 65 போதும்.

மூன்றாவது, வெளிச்சம் விரிகிற விதம். தூரத்தில் குவிகிற விளக்கு இதற்கு ஆகாது. அகலமாகப் பரவுகிற விளக்கைக் கேட்டு வாங்குங்கள்.

நான்காவது, நிறம். நீலம் கலந்த வெள்ளை வேண்டாம். கண் கூசும், பூச்சியும் அதிகமாக மொய்க்கும். மஞ்சள் கலந்த வெள்ளை கண்ணுக்கு இதம், பூச்சியும் குறையும். பச்சை, நீலம், ஊதா என்று நிறம் மாறி மாறி மின்னுகிற பட்டை விளக்குகளைக் கடையில் காட்டுவார்கள். அது திருவிழாவுக்கு அழகு. உழவுக்கு உதவாது, ரோட்டிலே தொல்லை.

ஐந்தாவது, உடம்பு. பின்பக்கம் அலுமினியத்தில் வரிவரியாகச் செதில் இருக்க வேண்டும். எல்.இ.டி.க்குச் சூடுதான் எதிரி. அந்தச் செதில் வழியாகத்தான் சூடு வெளியே போகிறது. கையில் எடுத்தால் கனமாக இருக்கும் விளக்கு பெரும்பாலும் நல்ல விளக்கு. பெட்டியில் 48 வாட், 100 வாட் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். சில மலிவு விளக்குகள் அதில் பாதிகூட இழுப்பதில்லை. ஆட்டோ எலெக்ட்ரீசியனிடம் மீட்டர் இருக்கும். ஆம்பியர் பார்த்து, அதை 12-ஆல் பெருக்கினால் உண்மையான வாட் தெரிந்துவிடும்.

எத்தனை, எங்கே?

ஒரு டிராக்டருக்கு நாலு விளக்கு, ஒவ்வொன்றும் 10 வாட். இது போதும். இடது படிக்குக் கீழே ஒன்று, வலது படிக்குக் கீழே ஒன்று. இவை பின்சக்கரம் தரையில் பதிகிற இடத்தையும், இறங்குகிற இடத்தையும் காட்டும். மூன்றாவது, பின்னால் கொக்கியைப் பார்த்து. நாலாவது, கலப்பையோ ரொட்டவேட்டரோ மண்ணில் இறங்குகிற இடத்தைப் பார்த்து. ஒரே விளக்குக்குத்தான் காசு இருக்கிறது என்றால், கொக்கியைப் பார்க்கிற விளக்கை முதலில் போடுங்கள்.

எல்லா விளக்கும் தரையைப் பார்க்க வேண்டும். ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் வெளிச்சம் தெரியலாம், விளக்கின் முகம் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் கூசும், அப்புறம் தூரத்தில் இருப்பது தெரியாது.

மாட்டும் இடத்தில் நாலு எச்சரிக்கை. சைலன்சர் குழாய்க்கு ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். டீசல் குழாய், ஹைட்ராலிக் குழாய், பிரேக் கம்பி இவற்றில் விளக்கையோ ஒயரையோ கட்டாதீர்கள். கேஜ் வீல் சேற்றை வாரி அடிக்கிற திசைக்கு நேரே வைக்காதீர்கள். வண்டியின் மிகத் தாழ்ந்த பாகத்துக்கும் கீழே தொங்க விடாதீர்கள். நம்ம ஊர்ப் புஞ்சையிலே சீமைக்கருவேல முட்டு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒரே இழுப்பில் விளக்கோடு ஒயரையும் பிடுங்கிவிடும். புதிதாகத் துளை போட வேண்டாம். ஏற்கெனவே இருக்கிற போல்டிலேயே ஒரு கிளாம்ப் சேர்த்து மாட்டலாம்.

ஒயர் வேலைதான் முக்கியம்

விளக்கு கெட்டுப்போனால் இருட்டு, அவ்வளவுதான். ஒயர் கெட்டுப்போனால் நெருப்பு. வைக்கோல் ஏற்றுகிற வண்டிக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. டிராக்டர் பேட்டரியில் ‘ஷார்ட்’ ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரண்ட் ஒரே நொடியில் பாயும். மெல்லிய ஒயர் கம்பி பழுத்துச் சிவந்துவிடும். பக்கத்தில் டீசல் பிசுக்கும் வைக்கோல் துரும்பும் இருந்தால் கேட்கவே வேண்டாம். இதைத் தடுப்பதற்குத்தான் பியூஸ்.

கணக்கு எளிது. மொத்த வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர். நாலு விளக்கு, 40 வாட். வகுத்தால் மூன்றேகால் ஆம்பியர் சொச்சம். அதற்கு 5 ஆம்பியர் பியூஸ் போட வேண்டும். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தாராளமாகத் தாங்கும். பழைய 55 வாட் ஹாலஜன் விளக்கு இரண்டு போட்டால் 9 ஆம்பியருக்குமேல் போய்விடும். அதற்குத் தடித்த ஒயரும் ரிலேயும் வேண்டும். எல்.இ.டி. நாலுக்கு ரிலே இல்லாமலே நல்ல சுவிட்ச் ஒன்று போதும்.

பியூஸை எங்கே போடுவது? பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். சுவிட்சுக்குப் பக்கத்தில் போட்டால், பேட்டரிக்கும் சுவிட்சுக்கும் நடுவே உள்ள ஒயருக்குக் காவல் இல்லை. பியூஸ் போனால் காரணத்தைத் தேடுங்கள். சிகரெட் காகிதத்தையோ செம்புக் கம்பியையோ சுற்றி வைக்காதீர்கள். காவல்காரன் தூங்குகிறான் என்று வீட்டைத் திறந்து போடுகிறவர் உண்டா?

வேலையை ஆரம்பிக்கும்போது பேட்டரியில் முதலில் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். முடித்தபின் அதைக் கடைசியில் மாட்டுங்கள். ஏன் என்று கேளுங்கள். மைனஸ் ஒயர் வண்டியின் இரும்பு உடம்போடு சேர்ந்திருக்கிறது. அதைக் கழற்றாமல் பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனர் இரும்பில் பட்டால் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வருகிற வாயு பொறி பட்டால் வெடிக்கும். கண்ணுக்கே ஆபத்து.

ஒயரை ரப்பர் உறையோடு, ஏற்கெனவே போகிற ஒயர்க் கட்டோடு சேர்த்து, ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கட்டு போட்டுக் கொண்டு போங்கள். இரும்புத் துளை வழியாக நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். கிடைக்காவிட்டால் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றுங்கள். வண்டி அதிர அதிரக் கூர்மையான இரும்பு விளிம்பு ஒயர் தோலைத் தின்றுவிடும். ஷார்ட் ஆவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

மைனஸ் ஒயரைத் துருப்பிடித்த இரும்பில் ஏதோ ஒரு போல்டில் சொருகி ‘எர்த்’ என்று விட்டுவிடுகிறோம். விளக்கு மங்கி மங்கி எரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான். தனி ஒயராகவே பேட்டரி மைனஸ் வரைக்கும் கொண்டு போங்கள். முடியாவிட்டால் பெயிண்டைச் சுரண்டி, பளபள என்று இரும்பு தெரிந்தபின் பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

துருவும் பச்சையும்

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருப்பது உங்களுக்குத் தெரியும். வள்ளல் அழகப்பச் செட்டியார் இடமும் பணமும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்த நிலையம் அது. பேட்டரியும் உலோகத் துருவும் அங்கே முக்கியமான ஆராய்ச்சிப் பொருள். அத்தனை பெரிய நிலையம் வைத்து ஆராய வேண்டிய துரு, நம்ம டிராக்டருக்கு அடியிலே தினமும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

செம்பு, அலுமினியம், இரும்பு மூன்றும் ஒன்றோடொன்று தொட்டு, நடுவிலே உப்புச் சத்துள்ள ஈரச் சேறும் இருந்தால் அதுவே ஒரு சின்ன பேட்டரியாகிவிடும். அந்த பேட்டரி வெளிச்சம் தராது, உலோகத்தை அரித்துத் தின்னும். உர உப்புக் கலந்த வயல் சேறு இதற்கு இன்னும் தோது. ஒயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய இணைப்பைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பச்சையாகப் பூத்திருக்கும். நுனியில் புகுந்த ஈரம் செம்பு நூல்களின் இடுக்கு வழியாக முழக்கணக்கில் ஏறிவிடும்.

ஆகவே வண்டிக்கு அடியிலே இணைப்பே வேண்டாம். விளக்கிலிருந்து வருகிற ஒயர் நீளம் போதாவிட்டால், இணைப்பை மட்கார்டுக்கு மேலே, சேறு படாத இடத்தில் வையுங்கள். ஒயர் நுனிக்கு ‘லக்’ என்கிற செம்புக் காது வைத்து நசுக்கி, சூடு காட்டினால் சுருங்குகிற பசைக் குழாயை மேலே போட்டால் ஈரம் புகாது. பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவித் துடைத்து, வாசலின் தடவுங்கள்.

சோதித்துப் பாருங்கள்

வேலை முடிந்ததும் வண்டியை நிழலில் நிறுத்தி, அரை மணி நேரம் விளக்கை எரிய விடுங்கள். அப்புறம் ஒயரையும் பியூஸ் பெட்டியையும் சுவிட்சையும் கையால் தொட்டுப் பாருங்கள். விளக்கின் முதுகு சுடும், அது இயல்பு. ஒயர் சுடக் கூடாது. சுட்டால் ஒயர் மெலிது, அல்லது இணைப்பு தளர்வு. அடுத்து, எஞ்சினை ஓட விட்டு, ஒயரை அங்கங்கே மெல்ல ஆட்டிப் பாருங்கள். விளக்கு கண் சிமிட்டினால் அந்த இடத்தில் இணைப்பு சரியில்லை.

சுவிட்சில் ஒரு சின்ன சிவப்புப் புள்ளி விளக்கு இருப்பது நல்லது. அணைக்க மறந்து படுக்கப் போனால், 40 வாட் பத்து மணி நேரத்தில் 33 ஆம்பியர்-மணி இழுத்துவிடும். 75 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது பாதிக்குச் சற்றுக் குறைவு. காலையில் வண்டி உறுமிக்கொண்டே நிற்கும், ஓடாது.

வெளிச்சம் வந்ததும் வருகிற ஆபத்து

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு வந்துவிட்டால் தைரியமும் வந்துவிடும். அடியிலே எல்லாம் தெரிகிறதே என்று எஞ்சின் ஓடும்போதே கையை நீட்டத் தோன்றும். ரொட்டவேட்டரைச் சுற்றுகிற பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றும். அதாவது ஒரு வினாடிக்கு 9 சுற்று. துண்டின் நுனி ஒன்று சிக்கினால், “ஐயோ” என்று சொல்லி முடிப்பதற்குள் கை போய்விடும். வேட்டி, துண்டு, லுங்கி எதுவும் அந்தத் தண்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. வைக்கோலோ கயிறோ சுற்றிக்கொண்டால் பி.டி.ஓ.வை விடுவித்து, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதன்பிறகு அடிவிளக்கை எரிய விட்டுக் கையை வையுங்கள். கொக்கி மாட்டும்போதும் அப்படித்தான். வண்டி நின்று, பிரேக் போட்ட பிறகுதான் விரல் துளைக்குப் போக வேண்டும்.

ரோட்டுக்கு வந்தால் அணைத்துவிடுங்கள்

வயலில் தோழன், ரோட்டில் எதிரி. அடிவிளக்கைப் பற்றி ஒரே வரியில் சொல்வதானால் இதைத்தான் சொல்வேன்.

1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, வண்டிக்குப் பின்பக்கம் சிவப்பு வெளிச்சம்தான் காட்ட வேண்டும், முன்பக்கம் சிவப்பு காட்டவே கூடாது. திரும்புவதற்கான விளக்கு, பின்னோக்கி வருவதற்கான விளக்கு மாதிரி சிலவற்றுக்குத்தான் விலக்கு. காரணம் எளிது. ராத்திரியில் ஓட்டுகிறவன் சிவப்பைக் கண்டால் “முன்னால் வண்டி போகிறது” என்றும், வெள்ளையைக் கண்டால் “எதிரே வண்டி வருகிறது” என்றும் நினைப்பான். கலப்பையைப் பார்க்கிற வெள்ளை விளக்கை எரிய விட்டுக்கொண்டே நீங்கள் திருச்சி–இராமேசுவரம் சாலையில் போனால், பின்னால் வேகமாக வருகிற பஸ் டிரைவருக்குக் குழப்பம். குழப்பம் தீர்வதற்குள் இடித்துவிடுவார். ஆகவே வரப்பைவிட்டு ரோட்டில் ஏறும் முன் நாலு விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

அதே விதிகள் இன்னொன்றையும் சொல்கின்றன. சூரியன் மறைந்து அரை மணியிலிருந்து, உதயத்துக்கு அரை மணி முன்பு வரை ரோட்டில் விளக்கு எரிய வேண்டும். பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்துக்குத் தெரிய வேண்டும். நம்பர் பலகையை ஒரு வெள்ளை விளக்கு காட்ட வேண்டும், 15 மீட்டரிலிருந்து படிக்க முடிய வேண்டும். டிராக்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது என்பீர்கள். பின்னால் டிரெய்லரை மாட்டி, அதன்மேல் இரண்டு ஆள் உயரத்துக்கு வைக்கோல் ஏற்றிய பிறகு அந்த விளக்கு யாருக்குத் தெரியும்? தை மாதப் பனியில் விளக்கில்லாத டிரெய்லர் என்பது ரோட்டில் நிற்கிற கறுப்புச் சுவர். மோட்டார் சைக்கிளில் வருகிற பிள்ளைக்கு அது பத்தடியில்தான் தெரியும். அந்தப் பிள்ளை உங்கள் ஊர்ப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

அதனாலே கையில் இருக்கிற முதல் ரூபாயை அடிவிளக்குக்குச் செலவழிக்காதீர்கள். டிரெய்லரின் பின்பக்கச் சிவப்பு விளக்குக்குச் செலவழியுங்கள். பெரும்பாலான டிராக்டர்களில் பின்னால் ஏழு பின் சாக்கெட் ஒன்று இருக்கும். டிரெய்லர் விளக்கை அதில் சொருகிக்கொள்ளலாம். மின்சாரமே வேண்டாத பிரதிபலிப்புப் பட்டையும் ஒட்டுங்கள். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. வைக்கோலோ படுதாவோ தொங்கி அவற்றை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாரம் ஏற்றி முடித்ததும் முப்பது தப்படி பின்னால் நடந்து போய் உங்கள் வண்டியை நீங்களே திரும்பிப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாதது மற்றவனுக்கும் தெரியாது.

பராமரிப்பு

தொழி உழவு முடிந்து வந்ததும் விளக்கின் கண்ணாடியை மட்டும் கழுவினால் போதாது. முதுகுச் செதிலில் அப்பிய சேற்றையும் கழுவ வேண்டும். சேறு காய்ந்து பிடித்தால் சூடு வெளியேறாமல் விளக்கு சீக்கிரம் போய்விடும். சர்வீஸ் ஸ்டேஷனில் அழுத்தக் குழாயை விளக்குக்கு அருகில் வைத்துப் பீய்ச்சச் சொல்லாதீர்கள். ஐ.பி. 67 விளக்கு மூழ்கினால் தாங்கும், ஆனால் கிட்ட வைத்து அடிக்கிற அழுத்தம் அதன் ரப்பர் விளிம்பைப் பிரித்துவிடும். மாதம் ஒரு முறை போல்டை இறுக்குங்கள். கோடையில் வண்டி கொட்டகையில் சும்மா கிடக்கும்போது எலி ஒயரைக் கடிக்கும். மழைக்காலத்தில் வண்டியை எடுக்கும் முன் ஒரு முறை ஒயர் முழுவதையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

சுருக்கமாக மறுபடியும் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் டிரெய்லருக்குச் சிவப்பு விளக்கும் பிரதிபலிப்புப் பட்டையும். அதன்பிறகு அடிவிளக்கு.

2. 10 வாட் எல்.இ.டி. நாலு, ஐ.பி. 67 தரம், மஞ்சள் கலந்த வெள்ளை, அகலமாகப் பரவும் வெளிச்சம்.

3. ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 5 ஆம்பியர் பியூஸ்.

4. வண்டிக்கு அடியில் இணைப்பு வேண்டாம். துளைக்குத் துளை ரப்பர் வளையம்.

5. எஞ்சினை அணைக்காமல் அடியில் கை வேண்டாம்.

6. ரோட்டில் ஏறும் முன் அடிவிளக்கை அணையுங்கள்.

பெருமக்களே, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம்ம பெரியவர்கள் சொல்வார்கள். விரல் போன பிறகு விளக்கு வாங்கி என்ன பயன்? உழவு காலம் வருமுன், வண்டி சும்மா நிற்கும் ஒரு நாளில் இந்த வேலையை முடித்துவிடுங்கள். அரை நாள் வேலைதான். உங்கள் வண்டியில் வேலை செய்கிற ஆளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். எந்த சுவிட்ச் எதற்கு, பியூஸ் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரிய வேண்டும். ராத்திரியில் வண்டிக்குக் கீழே குனிவது பெரும்பாலும் அவர்தானே.

நல்ல மழையும் நல்ல வெள்ளாமையும் உங்களுக்கு அமையட்டும்.